ஆள், சாமி, பொய்

போன சனிக்கிழமை காலையில் உன் மனைவி வசந்தி ஒரு ஷூ பெட்டியோடு வந்தாள். "காபி வேண்டாம் சுமதி, பாப்பாவை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு வந்திருக்கேன், உடனே போகணும்" என்று என் மனைவியைத் தடுத்துவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். "இதுல அவரு என்னென்னமோ எழுதி வெச்சிருக்காருங்ண்ணா. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத்தான் புரியும்" என்றாள். அவள் போனபிறகு மூடியைத் திறந்தேன். தலைவலித் தைலமும் பழைய அட்டையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நீ டிரெயினில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது வருமே, அதேதான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சுமதிக்குத் தெரியாமலா இருக்கும்?

பெட்டி நிறைய உன் ரோமாபுரி வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சதுர அட்டைக்குள், நடுவில் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற சேகரிப்பாளர்கள் அட்டையில் ராஜா பெயர், வருஷம், எடை என்று எழுதுவார்களாம். உன் அட்டைகளில் மூன்றே வரி. ஆள், சாமி, பொய். எறும்பு ஊர்ந்த மாதிரி உன் கையெழுத்து.

முதலில் கையில் வந்த அட்டை இது. "ஆள்: மகாராஜா. சாமி: தராசு பிடித்த அம்மன். பொய்: வெள்ளியில் செம்பைக் கலந்த கையோடு இந்த அம்மனை அடித்தான்." அதற்கடுத்தது: "ஆள்: அண்ணன், தம்பி. சாமி: ஒற்றுமை அம்மன். பொய்: கை குலுக்குகிறார்களாம். அண்ணன் தம்பியை ஆள் வைத்துக் கொன்றான், அதுவும் பெற்றவள் மடியில்." படித்ததும் பக்கென்று சிரித்துவிட்டேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன்னை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நாம் சந்தித்தது ஞாபகம் இருக்கிறதா? பிரின்ஸ்டன் ஜங்ஷனில், நியூயார்க் போகிற ஏழே கால் வண்டி. நான் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். டிரெயினில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி, டப்பாவைத் திறந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, சட்னி ஒழுகுதுங்க" என்று ஒரு குரல். திரும்பினால் நீ. ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் கருத்துப்போன ஒரு சில்லறை. நகைக்கடைக்காரனோ, கைரேகை ஜோசியனோ என்றுதான் நினைத்தேன். நூவர்க்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்று நீ சொன்னபோது நம்பவே இல்லை.

"கரூருங்க" என்றாய். "அதான் இந்த ங்க ஓயமாட்டேங்குது" என்றேன். "நீங்க திருநெல்வேலியா? அதான் கேக்காமயே கோபம் வருது" என்று திருப்பிக் கொடுத்தாய். இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்ததும் நான் உடனே 'ஏல' போட ஆரம்பித்தேன். உனக்கு 'ங்க'வை விட ஆறு மாதம் ஆயிற்று.

ராஜா காசின் ஒரு பக்கம் தன் முகத்தை அடித்துக்கொள்வான், மறுபக்கம் ஒரு சாமியை நிறுத்துவான் என்று நீ எனக்குக் காட்டினாய். அகஸ்டஸ் ராஜா காசில் அவன் முகத்துக்கு மறுபக்கத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள் நிற்பார்கள், தலைக்கு மேலே பூஜைக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். "இந்தப் பசங்கதான் அடுத்த ராஜா, சாமியே ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். ரெண்டும் அல்பாயுசுல போயிருச்சு. காசு மட்டும் எங்க ஆத்து மணல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு பாரு" என்றாய். அந்த மாதிரிக் காசுகள் ஊரில் தோண்டத் தோண்டக் கிடைக்கும் என்றும், ஆனால் உன்னுடையது பென்சில்வேனியாவில் ஒரு சந்தையில் வாங்கியது என்றும் சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்து நம் டிக்கெட்டில் டக்கென்று ஓட்டை போட்டான். நீ குஷியாகிவிட்டாய். "இதேதான்! நம்மூர் ஆளுங்களும் ராஜா கன்னத்துல ஒரு குத்து குத்தி, வெள்ளிதானான்னு பாத்துட்டுத்தான் வாங்கியிருக்காங்க. சாமி, ராஜான்னு பயந்தாங்களா பாத்தியா?" என்று கேட்டாய். நான், "ஏல, காலங்காத்தால ஏன் உயிரை எடுக்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணோடு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"பேப்பர் கெடையாது, டிவி கெடையாது. நாட்டுல ஒவ்வொருத்தன் மடியிலயும் போய் உக்கார்ற நோட்டீஸ் இது ஒண்ணுதான். அதனால எது நாட்டுல இல்லையோ, அதைத்தான் காசுல அடிப்பான்." இதை நீ நூறு தடவையாவது சொல்லியிருப்பாய். சுமதிகூட மனப்பாடமாகச் சொல்வாள்.

இனிமேல் சொல்லப்போவது உனக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட நீ வாயைத் திறக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் முதலாளியை உனக்குப் பிடிக்காது. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் கோயில் எழும்பியதே அவர் அள்ளிக் கொடுத்ததால்தான். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஆனால் என் கிரீன் கார்டு பேப்பர் அவர் மேஜையில் எட்டு மாதமாகக் கிடந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி" என்பார். எனக்கு விசாவில் இன்னும் ஒரு வருஷம்கூடப் பாக்கி இல்லை. சுமதி அப்போது ஆறு மாதம். கையெழுத்து விழவில்லை என்றால் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கும்பாபிஷேகம் வந்தது. வருகிற எல்லோருக்கும் ஞாபகார்த்தமாக ஒரு வெள்ளிக் காசு கொடுப்பது என்று முடிவு. ஒரு பக்கம் அம்பாள். மறுபக்கம்? முதலாளி என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "நான் கேக்கல தம்பி. கமிட்டில எல்லாரும் பிரியப்படறாங்க. பரிவட்டம் கட்டின மாதிரி என் முகம் சின்னதா." காசு வேலை முழுவதும் என் பொறுப்பு என்றார். "அதை முடிச்சுட்டு உங்க பேப்பரைப் பாத்துருவோம்" என்றும் சொன்னார்.

மறுநாள் டிரெயினில் உன்னிடம் சொன்னேன். வரைந்து கொடு என்று கெஞ்சினேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை.

"சாமிக்கு முதுகு ஒட்டி உன் முதலாளி மூஞ்சியா? வேண்டாம்ப்பா" என்றாய்.

"உனக்கென்னல, கிரீன் கார்டு வாங்கிட்டு உக்காந்திருக்க! உபதேசம் பண்ண நல்லாத்தான் இருக்கும்" என்று கத்திவிட்டேன். எதிர்சீட்டு அம்மாள் புத்தகத்தை இறக்கிப் பார்த்தாள். நூவர்க்கில் இறங்கும்போது நீ, "எப்ப வேணும்?" என்று கேட்டாய்.

நான்கே நாளில் கொண்டு வந்தாய். தலையில் துணி, கையில் கிண்ணம், பக்கவாட்டில் முகம். பரிவட்டம் கட்டிய முதலாளி அப்படியே தத்ரூபமாக இருந்தார். அப்புறம் உன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தாய். சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, அக்கினியில் கிண்ணத்தைக் கவிழ்க்கிற ரோமாபுரி ராஜா. இரண்டும் ஒரே படம்! நீ கிண்டலாகத்தான் வரைந்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. முதலாளிக்குப் புரியவில்லை. பூரித்துப்போனார். "யாரு தம்பி இந்த ஆர்ட்டிஸ்ட்? ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினேன். வாயைத் திறக்காதே, பொய் கிய்யென்று ஆரம்பிக்காதே, என் குடும்பத்தை நினைத்துப் பார். நீ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். இடது பாக்கெட்டில் நாலைந்து காசு, வலது பாக்கெட்டில் ஒன்றே ஒன்று என்று பிரித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஹாலில் பஜ்ஜி, காபி. முதலாளி உன் படத்தைக் கமிட்டி ஆட்கள் இருவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி, அதாவது முதலாளியின் மனைவி, மரியாதைக்கு உன்னிடம் வந்து, "நீங்க பழைய காசெல்லாம் வெச்சிருக்கீங்களாமே" என்று கேட்டார்கள். நீ வலது பாக்கெட்டில் கையை விட்டாய்.

"அட, யாரு இந்தப் பொம்பள? கொண்டை எவ்ளோ அழகா போட்டிருக்கா!"

"ராஜாவோட சம்சாரமுங்க ஆன்ட்டி. செத்தப்பறம் சாமியாக்கி இந்தக் காசை அடிச்சாங்க."

"செத்தப்பறமா?"

"ஆமாங்க. அங்கெல்லாம் உசுரோட இருக்கறவங்களைச் சாமியாக்க மாட்டாங்க. நம்ம வீடுகள்ல மாதிரித்தான். பூஜை ரூம்ல சாமிக்குப் பக்கத்துல யார் படத்தை வெச்சுப் பொட்டு வெப்போம்? போய்ச் சேர்ந்தவங்க படத்தைத்தானுங்களே."

எவ்வளவு பவ்யமாகச் சொன்னாய்! சொல்லிவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாய். ஆன்ட்டி காசைப் பார்த்தார்கள். மேஜையில் கிடந்த படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவர் முகம் மாறிய விதம் இருக்கிறதே!

"என்னங்க! இங்க வாங்க! இந்தக் காசை எல்லாரும் எங்க வெப்பாங்க?"

"எங்க வெப்பாங்க, பூஜை ரூம்லதான்" என்றார் முதலாளி, அப்பாவியாக.

"பொட்டு வெப்பாங்களா, வெக்கமாட்டாங்களா?"

"வெப்பாங்க."

"ஊர்ல இருக்கிற அத்தனை வீட்லயும் உங்க மூஞ்சிக்குப் பொட்டு வெச்சுப் பூ போட்டாங்கன்னா நான் எங்க போவேன்? கல்லு மாதிரி மனுஷன் உக்காந்திருக்கும்போதே! வேண்டவே வேண்டாம். என் தாலி மேல ஆணை!"

கமிட்டி ஆட்கள் இருவரும் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். முதலாளி "சும்மா இரு, அபசகுனமா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஆன்ட்டி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்ததும் மனுஷர் படத்தை நாலாக மடித்து டிராயருக்குள் போட்டுவிட்டார். மறுபக்கம் கோபுரம் என்று அங்கேயே முடிவானது. எனக்குப் பாதி சிரிப்பு, பாதி உதறல்.

விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தோம். நீ மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். லேஸ் கட்ட நீ எடுத்துக்கொள்கிற நேரத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம். முதலாளி என் தோளில் கைபோட்டு நாலடி தள்ளி நிறுத்தினார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லையே. குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"யாரு தம்பி இவரு? உங்க ஃபிரண்டா?"

எனக்கு எட்டு மாதமாகக் கிடந்த பேப்பர் ஞாபகம் வந்தது. சுமதியின் வயிறு ஞாபகம் வந்தது.

"ஃபிரண்டுன்னெல்லாம் இல்ல சார். டிரெயின்ல பாத்திருக்கேன். படம் வரைவார்னு தெரியும். அவ்ளோதான்."

நீ தலையை நிமிர்த்தவில்லை. ஒரு லேஸ் முடிந்து அடுத்த லேஸுக்குப் போனாய். உன் காதில் விழாமல் இருந்திருக்கும் என்று நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய கார் நீளம்கூட இல்லை நடுவில்.

திரும்பி வரும் வழியில் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். நீ இடது பாக்கெட்டைக் கவிழ்த்து மடியில் கொட்டினாய். உயிரோடு இருந்தபோதே தன் முகத்தையும் சாமியையும் முதுகோடு முதுகாக அடித்துக்கொண்ட ராஜாக்கள், அத்தனை பேரும்!

"ஆன்ட்டிகிட்ட இவனுங்களைக் காட்டலையே. எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு இவனுங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் சொன்ன பொய்க்கு அந்தச் சிரிப்பில் நீ ஒதுங்க இடம் கொடுத்தாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரத்தில் கையெழுத்து விழுந்தது. நீதான் எல்லோருக்கும் முதலில் மைசூர்பாகோடு வந்தாய். "தங்கச்சி, இனி உன் சீமந்தத்தை இங்கயே தைரியமா வெச்சுக்கலாம்" என்று சுமதியைக் கேலி செய்தாய். ஏன், எனக்குப் பிறந்த பெண்ணுக்கு முதல் வெள்ளிக் கொலுசு போட்டது நீ. ஒரு கோபம், ஒரு குத்தல், ஒரு சாடை, எதுவுமே இல்லை. நீ ஒருதடவை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இன்றைக்குப் பெட்டியின் அடியில் அந்தக் கும்பாபிஷேகக் காசையும் கண்டேன். அதற்கும் ஒரு அட்டை போட்டிருக்கிறாய். "ஆள்: யாருமில்லை. சாமி: அம்பாள். பொய்: என்னுடையது. பாதி." அவ்வளவுதான். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பொய்யை நீ எங்கேயும் எழுதவில்லை.

உனக்கு உடம்புக்கு வந்தபிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தக் காரில் எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? ஒருநாள் தொடங்கியே விட்டேன். "அன்னைக்கு வாசல்ல வெச்சு, முதலாளி கேட்டப்ப..." என்றேன். நீ சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய். கண்ணைத் திறக்காமலே, "லேன் மாறு, நம்ம எக்ஸிட் வருது" என்றாய். எக்ஸிட் வர இன்னும் மூன்று மைல் இருந்தது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் லேன் மாறினேன்.

வருஷக்கணக்கில் காத்த பிறகு கிரீன் கார்டு வந்தபோது அதை முதலில் உன்னிடம்தான் கொண்டு வந்தேன். படுக்கையில் கிடந்தபடியே பூதக்கண்ணாடி கேட்டாய். இந்த ஊர் சர்க்காரில் அந்த கார்டு போட்டோவுக்கு முகத்தைத் திருப்பி வைத்து, வலது காது தெரிய எடுக்கச் சொல்கிறார்களே, அதைப் பார்த்து உனக்கு ஒரே கொண்டாட்டம். "காசுல அடிச்ச ராஜா மாதிரியே இருக்கடா! மூக்குதான் கொஞ்சம் திருநெல்வேலி" என்றாய். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாய். வசந்தி வந்து, "போதும், பேச வைக்காதீங்க" என்றாள். அதற்கப்புறம் நீ இருந்தது மூன்றே வாரம்தான்.

உன் இறுதிச் சடங்குக்கு முதலாளி வந்திருந்தார். சடங்கு நடந்த ஹாலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காசு, பஜ்ஜி, அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் அவர் ஞாபகத்தில் இல்லை. "சின்ன வயசு, பாவம். உங்களுக்கு எப்படித் தம்பி பழக்கம்?" என்று கேட்டார்.

"என் ஃபிரண்டு சார். ஏழு வருஷமா எனக்குன்னு இருந்த ஒரே ஃபிரண்டு" என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்திகூட அழுகைக்கு நடுவில் திரும்பிப் பார்த்தாள். முதலாளி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு அப்போது உடம்பெல்லாம் கூசியது. கார்டு என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. இனி அந்த மனுஷர் கையெழுத்து எனக்கு எதற்கும் வேண்டியதில்லை. கையெழுத்து வேண்டாதபோது உண்மை எவ்வளவு சத்தமாக வருகிறது பார். நான் எங்கே போனாலும் இப்போது அதைத்தான் சுமந்துகொண்டு போகிறேன். நியூயார்க் வண்டியில் உன் சீட்டில் யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த வாக்கியம் தொண்டைக்கு வந்து நிற்கிறது. இவன் என் ஃபிரண்டு சார். நாலே வார்த்தை. அதை நீ அந்தப் படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கணும்டா.